இம்பீட்: தடு, தடை செய்

மார்ச் 4

அகராதி அக்காவுக்கு,

முதலில் உட்கார். நின்றுகொண்டு படித்தால் கோபத்தில் கையை வீசி, மேசை மேல் அடுக்கி வைத்திருக்கிற சொல் சீட்டுகளையெல்லாம் தள்ளிவிடுவாய். அப்புறம் அந்தப் பழியும் என் தலையில் விழும்.

உன் அகராதியால் எனக்குத் தேர்வு போச்சு.

நேற்றுதான் கப்பல் அதிகாரி சான்றிதழுக்கு வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வெல்லாம் போன வருடமே தாண்டியாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. துறைமுகத்துக்கு வழிகாட்டுகிற பைலட்டைக் கப்பல்களில் ஏற்றிவிடும் படகை ஓட்டியது போதும், பெரிய கப்பலில் ஏறிவிடலாம் என்று முந்தாநாள் ராத்திரி பெட்டிகூட எடுத்துப் பார்த்தேன். தேர்வாளர் ஒல்லியான மனிதர். மேசை மேல் மரத்தில் செய்த குட்டிக் கப்பல்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு பெரிய கப்பலை நகர்த்தி, "இது கப்பல் போற ஆழமான சேனலை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனா தரை தட்டிடும். இது நீங்க, சின்னப் படகு. குறுக்கே கடக்கறீங்க. விதி என்ன சொல்லுது?" என்றார்.

"அந்தக் கப்பலை இம்பீட் பண்ணக் கூடாது சார்."

"அப்படின்னா?"

"தடுக்கக் கூடாது சார்."

"சரி, எப்ப விலகுவீங்க?"

"மோதற மாதிரி வந்தா உடனே விலகிடுவேன் சார்."

அவர் அந்தப் பெரிய கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் தள்ளினார். "மோதற மாதிரி வர்ற வரைக்கும் இதோட கேப்டன் என்னம்மா பண்ணிட்டிருப்பார்? நகத்தைக் கடிச்சிட்டிருப்பாரா?" என்றார். கப்பலை மறுபடி பழைய இடத்தில் வைத்தார். "நீங்க சொல்றது வழிவிடறது. நான் கேட்டது அது இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னா விதியை எழுதினவங்க எதுக்கு ரெண்டு வார்த்தை எழுதணும்? யோசிச்சிட்டு அடுத்த மாசம் வாங்க" என்று கோப்பை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நேராக உன் அகராதியை எடுத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததேதான். இம்பீட்: தடு, தடை செய். விதிப் புத்தகத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதி வைத்து உருப்போட்டதும் அதுவேதான். அச்சில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினது என் தப்பு.

கப்பல் கம்பெனியில் மூன்றாம் அதிகாரி இடம் ஒன்றை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதமும் கோட்டைவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி எப்போது காலியாகுமோ தெரியாது. அதனால் எனக்கு இப்போது அழ நேரமில்லை, உன்னைத் திட்ட மட்டும்தான் நேரம் இருக்கிறது.

அப்பா ஆறுதல் சொன்னார். "ஹாரன் அடிப்பேன்னு சொல்லியிருக்கணும்டி. எந்த ஊர்லயும் ஹாரன் அடிச்சா வழி விடுவான்." இத்தனை காலம் பஸ் ஓட்டின மனுஷன், கடலையும் பஸ் ஸ்டாண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போனில் பேசினால் ஹலோ முடிவதற்குள் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நாமே போட்ட ஒப்பந்தம் என்பதால் இந்தக் கடிதம். அப்பாதான் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போடுவார். வழக்கம் போல உறையின் பின்னால் ஏதாவது கிறுக்கியிருப்பார், பார்த்துக்கொள்.

உன் புத்தகத்தால் கெட்டவள்,
வாலு


மார்ச் 9

என் வாலுக்கு,

உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் படித்தேன், படித்து முடித்ததும் ஆபீஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

நீ தேர்வில் தவறியதில் எனக்கு வருத்தம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் எழுதப்போவதைப் படித்தால் இவளுக்கு மனசாட்சியே இல்லையா என்று நினைப்பாய். எனக்கு ஒரே குதூகலமாக இருக்கிறது. ரொம்ப நாளாக ஒரு அறையில் விளக்கு எரியவில்லை என்று தடவித் தடவி நடந்துகொண்டிருந்தோம், நீ வந்து சுவிட்ச் இங்கேதான் இருக்கிறது என்று காட்டிவிட்டாய்.

ஆபீஸில் அச்சுப்படியை விரித்து வைத்துத் தேடினேன். இம்பீட்: தடு. ஹிண்டர்: தடு. ஹாம்பர்: தடு. அப்ஸ்ட்ரக்ட்: தடு, மறி. ப்ரிவென்ட்: தடு. இத்தனை பேருக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டிருக்கிறோம், யாருக்கும் பொருந்தவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது, நானும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தடுத்த பதிப்பில் விட்டுவிட்டேன். இம்பீட் என்ற சொல்லின் லத்தீன் வேரைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பாதம் இருக்கிறதடி. பழைய காலத்தில் காலில் தளை மாட்டுவதற்குச் சொன்ன சொல். தளை மாட்டினவன் நின்றுவிடுவதில்லை, நடக்கிறான். ஆனால் எப்படி நடக்கிறான்? அதுதான் விஷயம். நம்மிடம் கால்கட்டு என்றே ஒரு சொல் இருக்கிறது, அதை வைத்து அப்பா உன்னை எவ்வளவு விரட்டியிருக்கிறார். மாப்பிள்ளை பார்த்துக் கால்கட்டுப் போட்டுவிட்டால் இவள் கடல் பக்கம் போக மாட்டாள் என்று. நீ பிடிகொடுத்தாயா?

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். புதிய பதிப்பு அச்சுக்குப் போகப் போகிறது. முதலாளியிடம் போய் நின்றேன்.

"தடுன்னா தடுதானேம்மா. இதுல என்ன நுணுக்கம்?"

"என் தங்கச்சி ஃபெயில் ஆயிட்டா சார்."

"புக்கைப் படிச்சவங்க எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்கன்னு நாம எங்கயாவது போட்டிருக்கோமா?"

அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில், "ஒரே ஒரு வரி. அதுக்கு மேல ஒரு கமா கூடக் கிடையாது. ஒரு வரி நீண்டா அடுத்த பக்கம் நகரும், அது நகர்ந்தா புத்தகமே நகரும்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரியில் என்ன போடுவது என்று தெரியவில்லை. தாமதப்படுத்து என்றால் போதாது. ரயில்கூடத் தாமதமாகிறது. இடையூறு என்று போடலாம், ஆனால் அது மேடைப்பேச்சில் வருகிற சொல், வீட்டில் யார் சொல்கிறார்கள்? எனக்கு ஆட்கள் வாயில் புழங்குகிற சொல் வேண்டும்.

அதனால் நீ எனக்கு உதவ வேண்டும். துறைமுகத்தில் இந்தச் சொற்களை எல்லாம் யார், எப்போது, எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் நீ கண்ணால் பார்த்த ஒரு சம்பவம் எழுது. கதை விடாதே. அந்த விதிப் பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்பு.

பதிலுக்கு நான் உனக்கு உதவப்போகிறேன். தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்க லீவு சொல்லிவிட்டேன். அங்கே வந்து உட்கார்ந்து உன்னைக் கேள்வி கேட்டுக் குடைந்து எடுக்கிறேன். நேர அட்டவணைகூடப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அப்பா என் பெட்டியைத் தொடக் கூடாது. போன தடவை இங்கே தங்கியிருந்தபோது நான் அகர வரிசையில் வைத்திருந்த சீட்டுகளை எல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்துவிட்டு, "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு" என்றாரே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. இனிமேல் ஒரே கூரைக்குக் கீழே நாங்கள் இருவரும் கிடையாது என்று சொன்னது சொன்னதுதான். உன் வீட்டில் ஒரு வாரம் என்பதால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

உறையின் பின்னால் அவர் எழுதியிருந்தது: "சின்னவள் தோற்கவில்லை. பஸ் லேட், அவ்வளவுதான்." படித்ததும் சிரித்துவிட்டேன், அதை அவரிடம் சொல்லாதே.

அன்புடன்,
அகராதி


மார்ச் 15

அக்கா,

கேட்டாயே, எடுத்துக்கொள். எல்லாம் என் கண்ணால் பார்த்தவை.

ப்ரிவென்ட். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் யாரும் துறைமுகத்தை விட்டு வெளியே போக முடியாது. பேச்சுக்கே இடமில்லை. இதற்கு நீ தாராளமாகத் தடு என்று போடு.

அப்ஸ்ட்ரக்ட். போன மாதம் மண் ஏற்றின தெப்பம் ஒன்று கயிறு அறுந்துபோய்த் துறைமுக வாயிலில் குறுக்கே நின்றுகொண்டது. உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் அப்படியே நின்றன. அதை மறித்தல் என்று சொல்லலாம்.

ஹாம்பர். புரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்ட மீன்பிடிப் படகு. போகும். ஆனால் சுமையை இழுத்துக்கொண்டு, முனகிக்கொண்டு போகும்.

ஹிண்டர். என் படகில் கயிறு பிடிக்கிற ஆள். தங்கமான மனுஷன். பைலட் எங்கள் படகிலிருந்து கப்பலின் கயிற்றேணியில் தாவி ஏறும்போது இவர் உதவி பண்ணுகிறேன் பேர்வழி என்று அவர் கோட்டைப் பிடித்து மேலே தள்ளுவார். பைலட் மேலே ஏறுவதா, கோட்டை விடுவிப்பதா? "உங்க ஆளைக் கொஞ்சம் உதவாம இருக்கச் சொல்லும்மா" என்று ஒருநாள் கெஞ்சினார்.

இனி இம்பீட். இதற்கு எனக்கு ஒரு டாக்டர் இருக்கிறார். விடுமுறை நாளில் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு சேனலுக்குள் வந்துவிடுவார். அவர் இதுவரை ஒரு கப்பலைக்கூடத் தடுத்ததில்லை. கடைசி நேரத்தில் சட்டென்று விலகிவிடுவார், கையை வேறு ஆட்டுவார். ஆனால் அவர் விலகுகிற வரைக்கும் மேலே கப்பலில் இருக்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். கேப்டன் வேகத்தைக் குறைப்பார். குறைத்தால் அவ்வளவு பெரிய கப்பல் சுக்கானுக்குச் சரியாகக் கட்டுப்படாது. திருப்பவும் இடமில்லை. கப்பல் நிற்காது, போகும், ஆனால் அவரையே பார்த்துக்கொண்டு போகும். நான் பைலட்டோடு வெளியே போகும்போதெல்லாம் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. தேர்வாளர் கேட்டது இதைத்தான். நான் சொன்ன பதில் அந்த டாக்டருடைய பதில். என் படகில் நான் ஒருநாளும் அப்படிப் பண்ணினதில்லை. கப்பல் கண்ணுக்குத் தெரியும்போதே ஓரம் போய்விடுவேன். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாமல் போச்சு, நடுவில் உன் அகராதி வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா, நான் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குப் பிடிபட்டுவிட்டது.

இப்போது நீ வருகிற விஷயம். வேண்டாம்.

நேர அட்டவணை போட்டிருக்கிறேன் என்றாயே, அந்த வரியைப் படித்ததும் விதிப் புத்தகத்தையே மூடி வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தேர்வுக்கு நீ சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் நான் உன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன், கணக்கைப் பார்த்து இல்லை. இங்கே வந்தாலும் அதுதான் நடக்கும். நீ நல்லது நினைத்துத்தான் வருகிறாய், தெரியும். ஆனாலும் நீ வந்தால் எனக்கு இடைஞ்சல். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதோடு, வீடு இப்போது ஆள் வந்து தங்குகிற நிலையில் இல்லை.

விதிப் பக்கத்தின் நகல் உள்ளே இருக்கிறது.

வாலு


மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. லீவை ரத்துச் செய்யப் போகிறேன்.

வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. இரண்டு நாள் உன் கடிதத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டுத் திறக்கவே இல்லை. நான் இடைஞ்சலா, நான் இடைஞ்சலா என்று பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது எல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் வாயில் அப்படியே நின்றுவிட்டது.

இடைஞ்சல்.

அடி, அதுதானே நான் தேடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவர் நின்றுகொண்டு போன் பேசினால் நாம் என்ன சொல்கிறோம்? தடுக்கிறார் என்றா? இடைஞ்சலாக நிற்கிறார் என்கிறோம். நாம் உள்ளே போய்விடுவோம், ஆனால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அவர் எப்போது திரும்புவாரோ என்று பார்த்துக்கொண்டு. நீ சின்ன வயதில் நான் டிவி முன்னால் நின்று தலை வாரும்போது கத்துவாயே, "இடைஞ்சலா நிக்காதே" என்று. அது உன் வாயில் எப்போதும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அச்சடித்த காகிதத்தில் தேடிப் பழக்கம். வாய் நிறைய நுரையோடு கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டினாள்.

ஆகையால் உனக்கு நன்றி. கோபம் இன்னும் இருக்கிறது, அது தனிக் கணக்கு.

இன்னொன்று. விதிப் பக்கத்தைப் படித்தேன். உன் பென்சில் கோடுகள் நடுவிலேயே நின்றுவிட்டன. கடைசிப் பத்தியை நீ படித்த மாதிரி தெரியவில்லை. இடைஞ்சல் செய்யப்படக் கூடாத அந்தப் பெரிய கப்பலுக்கும், மோதுகிற அபாயம் வந்துவிட்டால், மற்ற விதிகள் அத்தனையும் பொருந்தும் என்று இருக்கிறது. எனக்கு இடம் விட வேண்டியது உன் கடமை என்று அது கண்ணை மூடிக்கொண்டு வர முடியாது. தேர்வாளர் கெட்டிக்காரராக இருந்தால் அடுத்து அதைத்தான் கேட்பார். படித்துக்கொள். பெரிய கப்பலாகப் போகிற உனக்கும் அது பொருந்தும்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்தத் தடவை உறையின் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை இல்லை. அப்பா கையில் கொடுத்த உறை வெறுமையாக வந்ததே கிடையாது, என்னோடு பேசாமல் இருந்த நாட்களில்கூட "மழை" என்றாவது எழுதி அனுப்புவார். ஸ்டாம்பும் கோணாமல் நேராக ஒட்டியிருக்கிறது. அப்பாவுக்கு என்ன?

அகராதி


மார்ச் 26

அக்கா,

ஸ்டாம்பு நேராக இருந்ததை வைத்துக் கண்டுபிடிப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன்னிடம் எதையும் மறைக்க முடியாது.

அப்பா விழுந்துவிட்டார். கணுக்கால் எலும்பு முறிவு. பயப்படாதே, மாவுக்கட்டுப் போட்டாயிற்று, நன்றாகச் சேர்ந்துவிடும் என்கிறார்கள். உனக்கு நான் டாக்டர் கதை எழுதுவதற்கு முந்தின நாள் நடந்தது.

எப்படி என்று கேட்டால் சிரிக்காதே. தேர்வில் இரவு நேர விளக்குகளைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குப் பயிற்சி என்று சாப்பாட்டு மேசையில் சோப்புக்கட்டிகளைக் கப்பலாக வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா கலங்கரை விளக்கமாக இருக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. முக்காலி மேல் ஏறி நின்று டார்ச்சை அணைத்து அணைத்து ஏற்றினார். அது போதாதென்று சுற்றவும் ஆரம்பித்தார், நிஜக் கலங்கரை விளக்கம் சுற்றுமாம். முக்காலி சுற்றவில்லை, அவர் மட்டும் சுற்றினார்.

விழுந்த இடத்திலிருந்து முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை வெளிச்சம் வந்துச்சு, எண்ணினியா?"

சிரித்துவிட்டாய் அல்லவா. நானும் ஆஸ்பத்திரியில் சிரித்தேன், அப்புறம் கழிவறையில் போய் அழுதேன்.

இப்போது அவரால் தனியாக எழுந்திருக்க முடியாது. கட்டைப் பிரித்தாலும் கொஞ்ச நாள் ஆள் வேண்டும். நான் படகு வேலைக்குப் போகிற நேரத்தில் கீழ் வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார். ஆனால் கப்பலேறினால் மாதக்கணக்கில் திரும்ப முடியாது. அவ்வளவு நாள் யாரிடம் விடுவது?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். தேர்வுக்குப் போவேன். தேறியும் காட்டுவேன், அந்த ஒல்லி மனிதருக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் கம்பெனியிடம் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நொண்டிக்கொண்டே பஸ் ஏறி எங்காவது போய்விடுவார், நான் தடையாக இருக்க மாட்டேன் என்று.

உன்னை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். உனக்கும் அவருக்கும் ஒரே கூரை ஒத்துவராது என்பது எனக்குத் தெரியாதா? புதிய பதிப்பு நேரம் வேறு. நீ வரவே வேண்டாம் என்று எழுதிவிட்டு, இப்போது வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இதற்குப் பதில் போடாதே. எனக்குத் தேர்வு முடியட்டும்.

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டேன். நீ சொன்னது சரி.

வாலு


மார்ச் 25
(இது மார்ச் 28 அன்று வந்து சேர்ந்தது)

வாலு,

நீ இன்னும் பதில் போடவில்லை. நான் காத்திருக்கப் போவதும் இல்லை.

அப்பாவுக்குக் கையிலோ காலிலோ ஏதோ ஆகியிருக்கிறது. பெட்டி வரைக்கும் நடக்க முடியவில்லை, அதனால்தான் உறை வெறுமையாக வந்தது, வீடு ஆள் வந்து தங்குகிற நிலையில் இல்லை என்று நீ எழுதியதும் அதனால்தான். பெரிதாக இருந்தால் நீ போன் பண்ணியிருப்பாய், ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது. எனவே பெரிதில்லை, ஆனால் சின்னதும் இல்லை.

நேற்று உன் டாக்டரைப் பற்றி நினைத்துக்கொண்டே அச்சுப்படி திருத்தினேன். சட்டென்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ தேற வேண்டும், தேற வேண்டும் என்று இத்தனை நாள் குதித்தேனே தவிர, தேறின மறுநாள் உன் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? நீ கப்பலேறுவாய். அப்பா? நீ கேட்டால் நான் மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்? சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கடைசி நேரத்தில் விலகி, கையை வேறு ஆட்டியிருப்பேன். ஆனால் நீ அதுவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு, கேட்பதா வேண்டாமா என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருப்பாய். உனக்கு இடைஞ்சல் நான்தானடி. நீ அதைச் சரியாகத்தான் சொன்னாய், எதற்காகச் சொன்னாய் என்பதுதான் உனக்கே தெரியாது.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், அனுமதி கேட்கவில்லை. சீட்டுப் பெட்டிகளை எல்லாம் ஆபீஸ் மாடிக்கு ஏற்றியாயிற்று. முன்னறையில் கட்டில் போட்டாயிற்று, ஜன்னல் பக்கம், பஸ் போவது தெரிகிற மாதிரி. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாயிற்று. லீவை ரத்துச் செய்யவில்லை, அதே லீவுதான். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம் டாக்ஸியோடு உன் வாசலுக்கு வருவேன். நீ படகு வேலையில் இருப்பாய், அதனால்தான் அந்த நேரம். கேள்வி கேட்க மாட்டேன், அட்டவணை கிழித்துப் போட்டாயிற்று. அவரையும் அவர் துணிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எவ்வளவு நாள் என்று கேட்காதே. நீ எவ்வளவு தூரம் போகிறாயோ அவ்வளவு நாள்.

சீட்டுகளை அவர் அடுக்குவாரா? அடுக்குவார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அகராதி


ஏப்ரல் 5

அக்கா, அக்கா, அக்கா,

தேறிவிட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், உனக்கு நெஞ்சு தாங்காது.

வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்று முதலில் தேதியைப் பார்த்தேன். மார்ச் 25. நான் அப்பா விழுந்ததை எழுதினது 26. நீ என் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. நான் கேட்க மாட்டேன் என்று வீறாப்பாக எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நீ அங்கே கட்டிலை இழுத்துப் போட்டு முடித்திருந்தாய். அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா உள்ளேயிருந்து, "என்னடி, யாருக்கு என்ன?" என்று கத்தினார். "ஒண்ணுமில்ல, அக்கா வழியை விட்டு நகர்ந்துட்டா" என்றேன். "அவ எப்ப வழியில நின்னா?" என்றார். உன்னை அவர் எப்போதுமே விட்டுக்கொடுத்ததில்லை, அது உனக்குத் தெரியாது.

நீ டாக்ஸியோடு வந்துபோன அன்று வேலை முடிந்து வந்தபோது வீடு காலி. கட்டில் மடித்திருந்தது. சோப்புக்கட்டிகளை மட்டும் நீ மேசையில் நான் வைத்த இடத்திலேயே விட்டிருந்தாய், ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. அன்று ராத்திரி அவற்றை வைத்தேதான் படித்தேன்.

தேர்வில் அதே ஒல்லி மனிதர், அதே மரக்கப்பல்கள். வேண்டுமென்றே அதே இடத்தில் வைத்தார்.

"இம்பீட் பண்ணக் கூடாது. அப்படின்னா?"

"அவங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாது சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப விலகுவீங்க?"

"அவங்க என்னைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி சார். அவங்க சுக்கானைத் தொட வேண்டிய அவசியமே வரக் கூடாது. என்கிட்ட கேக்கணும்னு அவங்களுக்குத் தோணறதுக்குள்ள நான் அங்க இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தப் பெண் எதற்கு ஒரு மரக்கப்பலுக்கு அழுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"அப்ப அந்தப் பெரிய கப்பல் கண்ணை மூடிட்டு வரலாமா?"

"வரக் கூடாது சார். அபாயம் வந்துட்டா எல்லா விதியும் அதுக்கும் உண்டு. அதுக்காக ஒருத்தர் இடம் விட்டாங்கன்னா, அதுவும் பார்த்துத்தான் வரணும்."

கோப்பை மூடினார். இந்தத் தடவை எழுந்து நின்று கை கொடுத்தார்.

கம்பெனிக்கு இடம் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பத்தாம் தேதி கப்பலேறுகிறேன். ஒப்பந்தத்தை மீறி உனக்குப் போன் பண்ணலாமா என்று கையில் எடுத்தேன். சண்டை வந்துவிட்டால் என்ன பண்ணுவது, இந்த நாள் கெட்டுப்போகும் என்று வைத்துவிட்டேன்.

நீ கொடுத்த அகராதியைப் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் நானே பேனாவால் திருத்தியாயிற்று.

உன் வாலு


ஜூன் 12

வாலுக்கு, எந்தக் கடலில் இருந்தாலும்,

உன் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன், அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வரும் என்றார்கள்.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. உனக்கு ஒரு பிரதி தனியாக வருகிறது, ஆனால் பொறுக்க முடியாமல் வரியை இங்கேயே எழுதுகிறேன். இம்பீட்: இடைஞ்சல் செய், போகவிட்டும் போக்கைக் கடினமாக்கு. சரியாக ஒரே வரி. முதலாளி அளந்து பார்த்துவிட்டு, "இது எங்கேயிருந்து எடுத்தீங்க?" என்றார். என் தங்கச்சி என்னைத் திட்டினதிலிருந்து என்றேன். "அப்ப ஹிண்டருக்கும் அவங்களை ஒரு தடவை திட்டச் சொல்லுங்க" என்றார். அடுத்த பதிப்புக்கு இடம் தருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறார்.

அப்பாவும் நானும் இதுவரை நான்கு தடவை பேசாமல் இருந்திருக்கிறோம், நான்கு தடவையும் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிட்டது. முந்தாநாள் ஆபீஸ் மாடிக்கு வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தார். நான் கீழே போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு பெட்டிச் சீட்டுகளை மேசையில் பரப்பிவிட்டார். என் ரத்தம் கொதித்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருக்கிறார், ஒரு சீட்டுகூட மாறவில்லை. "இப்படி வச்சாத்தானே நீ பேசாம இருப்பே" என்றார். நான் அடுத்த பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பஸ்களைத் திட்டுகிறார். உன் கப்பல் எங்கே இருக்கும் என்று தினமும் கேட்கிறார். பத்திரமாக இரு. உனக்காக இடம் விடுகிற சின்னப் படகுகளைப் பார்த்துப் போ.

இந்தக் கடிதத்தை நானே தபால் பெட்டியில் போடுகிறேன் என்றேன். எழுதி முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு அவரே போவதற்காகப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அகராதி

(உறையின் பின்புறம், கோணலாக ஒட்டிய ஸ்டாம்புக்குப் பக்கத்தில்)

கட்டு பிரித்தாயிற்று. பெட்டி வரைக்கும் நானே நடந்து வந்தேன். வழியில் எல்லாரும் தானாக ஒதுங்கினார்கள், ஹாரன் தேவைப்படவில்லை. லேட் பஸ் நன்றாக ஓடுகிறதா?